ஒன்ராறியோக் குளிரில் தொட்டி மாமரம், வாழை, தேசி: பசுமைக்குடிலை எப்படிச் சூடாக வைத்திருப்பது?

கேள்வி (மார்க்கம், ஒன்ராறியோ)

அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் முற்றத்திலும் குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையின் யன்னலோரத்திலும் வைத்து வளர்த்து வந்த என் பழமரங்கள் இப்போது அறைக்குள் அடங்காத உயரத்துக்கு வந்துவிட்டன. அதனால் இந்தக் கோடையில் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய பசுமைக்குடிலை அமைத்திருக்கிறேன். அது 8 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்டது. பக்கச் சுவர்கள் ஏறத்தாழ ஆறரை அடி உயரம், கூரையின் முகடு எட்டரை அடி. அலுமினியச் சட்டத்தில் 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. நீளப் பக்கம் தெற்கு நோக்கியிருக்கிறது, மதில் நிழலோ மர நிழலோ அதன்மீது விழுவதில்லை.

உள்ளே வைக்க விரும்புபவை இவை: ஓர் ஒட்டு மாமரம், விதையிலிருந்து வளர்ந்த இன்னொரு மாங்கன்று, கொய்யா, தேசி, பப்பாசி, குட்டை வாழை, மாதுளை, அத்தி, இரண்டு கறிவேப்பிலை. எல்லாமே தொட்டிகளில்தான் நிற்கின்றன. ஒட்டு மாமரம் இடுப்புயரத்தைத் தாண்டிவிட்டது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

குளிர்காலம் முழுவதும் உள்ளே 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கையில் 1500 வாட் மின் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அது போதுமா, அல்லது புரோபேன் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லதா? கறுப்பு நிறப் பீப்பாய்களில் நீர் நிரப்பி வைத்தால் பகல் வெயிலை வாங்கி இரவில் வெப்பத்தைத் திருப்பித் தரும் என்று பலரும் எழுதுகிறார்கள். நம் ஊர்க் குளிருக்கு அது உதவுமா? இந்த மரங்களில் எவை 18 பாகைக்குக் குறைவான வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இரவுகள் இப்போதே குளிரத் தொடங்கிவிட்டதால், முடிவெடுக்க அதிக நாட்கள் இல்லை.


மறுமொழி 1 (மிசிசாகா)

வணக்கம். கட்டடங்களின் வெப்பக் கணக்கு என் தொழிலோடு சேர்ந்தது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மரங்களைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எந்த ஹீட்டர் என்பதை முடிவுசெய்வதற்கு முன், உங்கள் குடில் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். வெளிக்காற்றைத் தொடும் பரப்பு, அந்தப் பரப்பின் வெப்பம் கடத்தும் அளவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். நீங்கள் தந்த அளவுகளின்படி நான்கு சுவர்களும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 35 சதுர மீட்டர். 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர்த் தகடு, ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் ஒன்றின் வழியே சுமார் 3.5 வாட் வெப்பத்தை வெளியே விடும். இடுக்குகள் வழியாக வெளியேறும் காற்றையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் குடில் ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 135 வாட் இழக்கிறது.

வெளியே உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கு இறங்கும் இரவுகள் நமக்குப் புதியவை அல்ல. அப்படி ஓர் இரவில் உள்ளே 18 பாகை வேண்டுமென்றால் வேறுபாடு 38 பாகை, தேவைப்படும் ஆற்றல் 5 கிலோவாட்டுக்கு மேல். உங்களிடமுள்ள 1500 வாட் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினாலும் 11 பாகை வேறுபாட்டைத்தான் தாங்கும். அதாவது வெளியே உறைநிலைக்குக் கீழே 20 எனில், உள்ளே உறைநிலைக்குக் கீழே 9 பாகை இருக்கும். மாமரம் அந்த ஓர் இரவைக்கூடத் தாண்டாது.

இதற்கு விடை பெரிய ஹீட்டர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் முதலில் இழப்பைக் குறைப்பதுதான் முறை, ஏனென்றால் அதற்கு ஒருமுறை மட்டும் செலவு, ஹீட்டருக்கோ ஒவ்வொரு மாதமும் செலவு. டிசம்பர் 21ஆம் நாளில் நம் பகுதியில் நண்பகல் வெயில் அடிவானிலிருந்து 23 பாகைக் கோணத்துக்கு மேல் ஏறுவதில்லை. அவ்வளவு தாழ்ந்து வரும் ஒளி தெற்குச் சுவரின் வழியாகவும் தெற்குக் கூரைச் சரிவின் வழியாகவும்தான் உள்ளே நுழையும். வடக்குச் சுவரும் வடக்குச் சரிவும் அந்த மாதங்களில் வெளிச்சத்தைக் கொண்டு வருவதைவிட வெப்பத்தை வெளியே அனுப்புவதே அதிகம். எனவே அந்த 12 சதுர மீட்டரையும் உட்புறமாக 2 அங்குல விறைப்பான நுரைப்பலகையால் மூடி, உள்முகத்துக்கு வெள்ளை நிறம் பூசிவிடுங்கள். வெப்ப இழப்பு அந்தப் பகுதியில் ஆறில் ஒரு பங்காகிவிடும், வெள்ளைப் பரப்பு தெற்கிலிருந்து வரும் ஒளியைச் செடிகளின் பின்பக்கத்துக்குத் திருப்பியும் அனுப்பும். நுரைப்பலகை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் ஹீட்டரின் முகம் எந்த நேரத்திலும் அதை நோக்கியிருக்கக் கூடாது.

மீதமுள்ள 23 சதுர மீட்டருக்கு உட்புறத்தில், பெரிய குமிழிகள் கொண்ட பிளாஸ்டிக் தாளை, தகட்டுக்கும் தாளுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஒளி ஓரளவு குறையும், இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். கதவைச் சுற்றியும் கூரை மூடியைச் சுற்றியும் இடுக்கு அடைக்கும் பட்டை ஒட்டுங்கள். அடித்தளத்தைச் சுற்றி வெளிப்புறமாக இரண்டடி ஆழத்துக்கு நுரைப்பலகையைப் புதைத்துவிட்டால், பக்கவாட்டிலிருந்து வரும் நிலக்குளிர் தரைக்குள் எளிதில் ஏறாது. நிலம் உறைவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை இதுதான், மற்றவை காத்திருக்கலாம்.

இவ்வளவையும் செய்தபின் ஒரு பாகைக்கு 135 வாட் என்றிருந்த இழப்பு ஏறத்தாழ 66 வாட்டாக, அதாவது பாதியாகக் குறைகிறது. உங்களிடமுள்ள அதே 1500 வாட் ஹீட்டர் இப்போது 22 பாகை வேறுபாட்டைத் தாங்கும். வெளியே உறைநிலைக்குக் கீழே 20 ஆனாலும் உள்ளே நீர் உறையாது. இதே போன்ற இரண்டாவது ஹீட்டரைச் சேர்த்துவிட்டால் அதே இரவில் 12 பாகையை எளிதாகக் காக்கலாம், ஒன்று பழுதானாலும் மற்றொன்று மரங்களைச் சாகவிடாது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து இணைக்காதீர்கள். 15 ஆம்பியர் சுற்று ஒன்றுக்கு இத்தகைய ஹீட்டர் ஒன்றுதான் அளவு, அதனுடன் வேறெதையும் சேர்க்கக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, ஈரமான இடத்துக்குரிய பாதுகாப்புச் சொருகிகளுடன் இரண்டு தனிச் சுற்றுகளை நிலத்தடியாகக் கொண்டு வருவதே முறை. புல்தரையில் கிடக்கும் நீட்டிப்புக் கம்பியை நம்பிக் குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓட்டுவது தீயை விலைக்கு வாங்குவதாகும்.

பீப்பாயைப் பற்றி: 200 லீற்றர் நீர் 10 பாகை குளிர்ந்தால் அது திருப்பித் தருவது ஏறத்தாழ 2.3 கிலோவாட் மணி. உங்கள் ஹீட்டர் ஒன்றரை மணி நேரத்தில் தரும் வெப்பம் அது. ஒக்டோபரிலும் ஏப்ரலிலும், பகலில் நல்ல வெயிலும் இரவில் இலேசான குளிரும் இருக்கும் நாட்களில் இரண்டு பீப்பாய்கள் ஹீட்டரை ஓடவிடாமலே பார்த்துக்கொள்ளும். சனவரியிலோ, வெயிலே காணாத நாட்கள் தொடர்ந்து வரும்போது பீப்பாய்க்குள் சேமிக்க எதுவும் இருக்காது. மண்சட்டிக்கு அடியில் மெழுகுதிரி ஏற்றி வைக்கும் காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். சிறு மெழுகுதிரி ஒன்று தருவது 30 முதல் 40 வாட் மட்டுமே. அதை ஒரு தீர்வாகக் கருத இடமில்லை.


மறுமொழி 2 (ஸ்காபரோ)

வணக்கம். முன்னவர் தந்த கணக்கு மிகவும் பயனுள்ளது. அதனுடன் மரங்களின் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு 18 பாகை தேவையே இல்லை என்பது தெரியவரும். நீங்கள் எழுதிய பட்டியலில் உள்ள மரங்களின் இயல்பு ஒன்றுபோல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வெப்பத்தில் வைக்க முயல்வதுதான் செலவைப் பெருக்குகிறது.

மாதுளையையும் அத்தியையும் முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இவை இரண்டும் இலையுதிர்த்து உறங்கும் மரங்கள், குளிர்காலத்தில் அவற்றுக்கு ஒளியும் தேவையில்லை, சூடும் தேவையில்லை. இலை முழுவதும் உதிர்ந்த பிறகு சூடேற்றப்படாத வாகனக் கொட்டகையில், உறைநிலையை ஒட்டிய குளிரில், மண் முற்றாகக் காய்ந்துவிடாதபடி எப்போதாவது சிறிது நீர் தெளித்து வைத்தால் போதும். இந்த நகரத்தின் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் தங்கள் அத்தி மரங்களைச் சாய்த்து மண்ணுக்குள் புதைத்துக் குளிர்காலத்தைக் கடத்திப் பல தலைமுறைகளாகப் பழம் பறித்து வருகிறார்கள். அவற்றைச் சூடான குடிலில் விழித்திருக்க வைத்தால் சனவரியிலேயே மெலிந்த தளிர்களை விட்டு வலுவிழந்துவிடும்.

பப்பாசி இதற்கு நேர் எதிர். குளிர்ந்த ஈரமண்ணில் அதன் வேர் அழுகிப்போகும், தண்டு அடியிலிருந்து மென்மையாகிச் சாயும். கன்று சிறியதாக இருந்தால் வீட்டுக்குள், வளர்ப்பு விளக்கின் கீழ் வையுங்கள். குடிலை அதற்காக 18 பாகையில் வைத்திருப்பதைவிட, வசந்தத்தில் புதிய விதை போடுவது அறிவுடைமை. வாழையும் 14 பாகைக்குக் கீழே புதிய இலை விடாது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. வளராமல் நிற்கட்டும் என்று குடிலின் சூடான மூலையில் நீரைக் குறைத்து நிறுத்தலாம், அல்லது இலைகளை வெட்டி, கிழங்கைத் தண்டோடு எடுத்து உலரவிட்டு, நிலக்கீழ் அறையின் குளிர்ந்த இருட்டு மூலையில் வைக்கலாம். குட்டை வாழை இரண்டாவது வழியை நன்றாகவே தாங்கும்.

இப்போது மாமரம். இதைப்பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பலரும் மாமரத்துக்கு எப்போதும் சூடு வேண்டும் என்று எண்ணி, அது பூப்பதற்குரிய வாய்ப்பையே கெடுத்துவிடுகிறார்கள். நாம் பிறந்து வளர்ந்த ஊர்களில் மார்கழி, தை மாதங்களில் பனி விழும் இரவுகளுக்குப் பின்னர்தான் மா பூக்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முற்றிய இலைகளோடு ஓய்வில் நிற்கும் மாமரத்துக்கு, சில வாரங்கள் இரவில் 10 முதல் 15 பாகை வரையிலான குளிர் கிடைத்தால் அதன் நுனி மொட்டுகள் தளிருக்குப் பதிலாகப் பூங்கொத்தாக மாறுகின்றன. எனவே இரவில் 12 பாகை என்பது உங்கள் ஒட்டு மாமரத்துக்குத் துன்பமல்ல, தேவையான பருவம். பூ விரியத் தொடங்கியபின் மட்டும் பகல் வெப்பத்தை 20 பாகைக்கு மேல் கொண்டு வாருங்கள், இரவு 10 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள், இல்லையெனில் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சு பிடிக்காது. குடிலுக்குள் ஈயோ தேனீயோ இராது என்பதால் மென்மையான தூரிகையால் பூக்களை மெல்லத் தடவிவிடுங்கள். இளம் மரம் உறைநிலைக்குக் கீழே இறங்கினால் இறந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது, அந்த எல்லையை நெருங்கவே வேண்டாம். விதையிலிருந்து வந்த கன்று பூக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அது உயிருடன் நின்றால் போதும்.

கொய்யாவும் கறிவேப்பிலையும் 8 அல்லது 10 பாகையில் இருந்துவிடும். கொய்யா இலை கருஞ்சிவப்பாக மாறும், கறிவேப்பிலை இலைகளில் பெரும்பகுதியை உதிர்க்கும். இரண்டையும் பார்த்து அஞ்சி நீரூற்றாதீர்கள், உரமிடாதீர்கள். பங்குனி வெளிச்சம் வந்ததும் தாமாகத் துளிர்க்கும்.

தேசிதான் பலரை ஏமாற்றுவது. குடில் சூடாகத்தான் இருக்கிறது, வெயிலும் அடிக்கிறது, ஆனாலும் இலைகள் பச்சையாகவே கொட்டுகின்றன என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதுவார்கள். காரணம் காற்றில் இல்லை, தொட்டிக்குள் இருக்கிறது. எலுமிச்சை இனத்தின் வேர்கள் 12, 13 பாகைக்குக் கீழே ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடும். குளிர்ந்த தரையில் நிற்கும் தொட்டியில் வேர் உறங்கிக் கிடக்க, மேலே தெற்கு வெயிலில் இலை சூடாகி நீரைக் கேட்கும்போது கொடுக்க வேரால் இயலாது, மரம் இலைகளைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இதைத் தடுக்க, தொட்டிகள் எதையும் தரையில் நேராக வைக்காமல் 2 அங்குல நுரைப்பலகையின் மேல் வையுங்கள். தேசிக்கும் ஒட்டு மாவுக்கும் அடியில், விதை முளைக்க வைக்கப் பயன்படும் மின்பாயை விரித்து, அதன் உணரியை மண்ணுக்குள் செருகி 18 பாகையில் நிறுத்திவிடுங்கள். நீங்கள் கேட்ட 18 பாகை தேவைப்படும் இடம் அதுதான். பாய் ஒன்றுக்குச் சில பத்து வாட் மட்டுமே செலவாகும், காற்றைச் சூடாக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

வேருக்குச் சூடு கொடுக்கும் இந்த வழி புதியதன்று. மின்சாரம் இல்லாத காலத்தில் இங்கிலாந்தில் அன்னாசி வளர்த்தவர்கள், புதிய குதிரைச் சாணம் புளித்து எழும் வெப்பத்தைப் பள்ளங்களின் வழியே செடிகளின் அடிக்குக் கொண்டு சென்றார்கள். கார்ன்வாலில் உள்ள ஹெலிகன் தோட்டத்தில் அப்படிப்பட்ட அன்னாசிக் குழி ஒன்றைப் புதுப்பித்து இன்றும் காட்டுகிறார்கள்.

நீர் ஊற்றுவதில் கவனம் தேவை. குழாயிலிருந்து வரும் நீர் சனவரியில் மிகவும் குளிர்ந்திருக்கும். ஒரு நாள் முழுவதும் வீட்டுக்குள் வாளியில் வைத்திருந்த நீரை, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, காலையில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ஈரம் இரவெல்லாம் இலைகளில் தங்கிச் சாம்பல் பூஞ்சணம் வரும். சிறிய மின்விசிறி ஒன்று இரவும் பகலும் மெல்ல ஓடட்டும். அது பூஞ்சணத்தையும் தடுக்கும், கூரையருகே தேங்கும் சூடான காற்றைக் கீழேயும் இறக்கும்.


மறுமொழி 3 (ஹாமில்டன்)

புரோபேனைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் இதைச் சொல்கிறேன். புகைபோக்கி இல்லாத புரோபேன் அல்லது மண்ணெண்ணெய் ஹீட்டரை, இவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்ட சிறு குடிலுக்குள் வைக்கவே வேண்டாம். முதல் காரணம் உங்கள் உயிர். எரிவதற்குப் போதிய ஒட்சிசன் இல்லாதபோது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. செடியைப் பார்க்க உள்ளே போனவர் திரும்பாமல் போக அது போதும். முன்னவர் சொன்னபடி இடுக்குகளை அடைத்தபின் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இரண்டாவது காரணம் மரங்களுக்குரியது. சரியாக எரியாத எரிபொருள் எத்திலீன் வாயுவையும் வெளியிடும். காய்களைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான் மிகச் சிறிய அளவிலேயே பூவையும் பிஞ்சையும் இலையையும் உதிர வைக்கும். பூங்கொத்துடன் நிற்கும் மாமரத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. மேலும், ஒரு கிலோ புரோபேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. அத்தனையும் குளிர்ந்த தகடுகளில் வியர்த்து, செடிகளின் மேல் சொட்டும்.

எரிவாயுவே வேண்டுமென்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே அனுப்பும் வகையை, உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்த வேண்டும். 8 அடிக்கு 12 அடிக் குடிலுக்கு அந்தச் செலவு தகாது. மின்சாரமே போதும்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதுளையும் அத்தியும் வாகனக் கொட்டகைக்குப் போகின்றன, பப்பாசி வீட்டுக்குள் வருகிறது, வாழையின் கிழங்கை எடுத்து வைக்கப் போகிறேன். வடக்குச் சுவரை நுரைப்பலகையால் மூடி, இரவில் 12 பாகை என்று வைத்து, இரண்டு ஹீட்டர்களையும் தனித்தனிச் சுற்றுகளில் இணைக்க முடிவுசெய்துவிட்டேன். புரோபேன் எண்ணத்தை முற்றிலும் கைவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முழுவதும் மின்சாரத்தையே நம்பியிருக்கும்போது, நள்ளிரவில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது? தெளிந்த வெயில் நாட்களில் இவ்வளவு அடைக்கப்பட்ட குடில் மிகையாகச் சூடேறாதா?


மறுமொழி 1 (மிசிசாகா)

மின்தடை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2013 டிசம்பரில் பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. சில வீடுகளுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலானது. அப்படிப்பட்ட நேரத்தில் குடில் முழுவதையும் காப்பாற்ற முயலாதீர்கள். குடிலில் பொருள்களின் எடை குறைவு என்பதால் சேமித்த வெப்பமும் குறைவு, ஹீட்டர் நின்ற ஓரிரு மணி நேரத்திலேயே உறைநிலை நெருங்கிவிடும். ஒட்டு மாவையும் தேசியையும் ஒரே மூலையில், சக்கரமுள்ள தட்டுகளின் மேல் வைத்து, கதவு வரை வழியைத் திறந்தே வைத்திருங்கள். வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வர முடிந்தால் அதைவிடச் சிறந்த காப்பு இல்லை. தூக்க முடியாத மரத்துக்கு, மேலே கம்பிச் சட்டம் ஒன்றை நிறுத்தி, பழைய கம்பளிகளைத் தரை வரை இறக்கி மூடுங்கள்.

நீர்ப் பீப்பாய்க்கு உண்மையான வேலை கிடைக்கும் இடமும் இதுதான். 200 லீற்றர் நீர் பனிக்கட்டியாக மாறும்போது, பூச்சியப் பாகையிலேயே நின்று, 18 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் மெதுவாகத்தான் வரும் என்றாலும், கம்பளிக்குள் மரத்தோடு சேர்த்து மூடப்பட்ட பீப்பாய் அந்தச் சிறு இடத்தை உறைநிலையை ஒட்டியே பிடித்து வைக்க உதவும். நீர் உறையும்போது விரியும் என்பதால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் செய்தி உங்களுக்கு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் வெப்பமானி ஒன்றை, மின்கலத்தில் இயங்குவதாக வாங்கி, 8 பாகைக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும்படி வையுங்கள். வீட்டின் இணைய இணைப்பும் மின்சாரத்தோடு சேர்ந்து நின்றுவிடும், ஆகவே தொடர்பு அற்றுப்போனாலும் எச்சரிக்கும் வகையே உதவும். தெர்மோஸ்டாட்டின் உணரியைச் செடிகளின் உயரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் தொங்கவிடுங்கள். முதல் ஹீட்டரை 12 பாகையிலும் இரண்டாவதை 10 பாகையிலும் வைத்தால், முதலாவது தோற்கும் இரவில் மட்டும் இரண்டாவது விழித்துக்கொள்ளும்.


மறுமொழி 2 (ஸ்காபரோ)

வெயிலைப் பற்றிய உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு: ஆம், மாசி மாதத்துத் தெளிந்த நண்பகலில், வெளியே உறைநிலைக்குக் கீழே 5 பாகை இருந்தாலும், உள்ளே 30 பாகையைத் தாண்டிவிடும். கூரை மூடியை 25 பாகையில் சிறிது திறக்க வேண்டும். நீங்கள் வேலைக்குச் செல்பவராக இருந்தால், சூடேறும்போது விரிந்து தள்ளும் மெழுகு உருளையால் தானே திறக்கும் கருவி ஒன்றை மூடியில் பொருத்துங்கள், அதற்கு மின்சாரம் தேவையில்லை. குளிர்காற்று நேராக மாமரத்தின் மேல் விழாதபடி மட்டும் தொட்டிகளை நிறுத்துங்கள்.

மரங்களை உள்ளே கொண்டு வருவதை இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகும் வரை தள்ளிப்போடாதீர்கள். செப்டெம்பர் இறுதிக்குள் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு முன் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் பார்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவி, சவர்க்காரக் கரைசல் தெளியுங்கள். முற்றத்தில் பறவைகளும் வண்டுகளும் கட்டுக்குள் வைத்திருந்த மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும், எதிரியில்லாத சூடான குடிலுக்குள் நுழைந்தால் தை பிறப்பதற்குள் எல்லா மரங்களுக்கும் பரவிவிடும். கார்த்திகை முதல் மாசி வரை உரம், கிளை நறுக்குதல், தொட்டி மாற்றுதல் மூன்றையும் நிறுத்திவையுங்கள்.

திரும்ப வெளியே வைப்பதற்கு, மே மாதத்தின் விக்டோரியா தின விடுமுறையைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வரும் இளஞ்சூட்டு நாட்களை நம்பி மாமரத்தை வெளியே விட வேண்டாம், இரவில் உறைபனி இன்னும் விழக்கூடும். விடுமுறை கழிந்ததும் முதல் வாரம் முழு நிழலிலும், அடுத்த சில நாட்கள் காலை வெயிலிலும் வைத்த பிறகே முழு வெயிலுக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் தாளின் பின்னால் வளர்ந்த மென்மையான இலைகள் கருகிப்போகும். மின்பாய்களை மட்டும் மே கடைசி வரை அப்படியே விட்டு வையுங்கள், குளிர்ந்த இரவுகள் தொடர்ந்தால் தேசியை மீண்டும் உள்ளே கொண்டு வர வேண்டியிருக்கும்.